பாதியில் நின்றுபோகும் கணினியை வைத்துக்கொண்டு ஃப்ளைட் சிமுலேட்டர் சேனல் நடத்துவது எப்படி

சேலம் அம்மாபேட்டையில், பக்கத்து வீட்டில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருக்க, மாடியில் உள்ள ஒரு சிறிய அறையிலிருந்து, கணினியிலேயே விமானம் ஓட்டிப் பார்க்கும் ஃப்ளைட் சிமுலேட்டர் காணொளிகளைத் தமிழில் விளக்கிச் சொல்லும் சேனல் ஒன்றை ஐந்து ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அதற்குப் பயன்படுவது நான்காம் தலைமுறை ஐ5 செயலியும், 8 ஜிபி ரேமும், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டும் கொண்ட பழைய மேசைக் கணினி. ஓடுபாதையைத் தொடப்போகும் நேரத்தில் திரை உறைந்துபோவது, முக்கால் மணி நேரப் பதிவு திறக்க முடியாத கோப்பாக மாறுவது, படம் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் விலகி ஓடுவது ஆகிய எல்லாவற்றையும் இந்தக் கணினி எனக்குக் காட்டியிருக்கிறது. இருந்தும் மாதம் இரண்டு காணொளிகள் என்ற கணக்கு பெரும்பாலும் தவறியதில்லை.

அதற்குக் காரணம் கணினியின் திறமை அன்று. வேலையைப் பிரித்துக்கொண்ட முறைதான். பறப்பது, பதிவு செய்வது, பேசுவது, வெட்டித் தொகுப்பது, வலையேற்றுவது என்னும் ஐந்து வேலைகளையும் ஒரே மூச்சில் செய்ய முற்பட்டால், ஏதேனும் ஒன்றில் நேரும் பழுது மற்ற நான்கையும் சேர்த்து அழித்துவிடுகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனி நாளில், தனித்தனிக் கோப்பாக முடித்து வைத்தால், கணினி எந்த இடத்தில் நின்றாலும் அந்த ஒரு வேலையை மட்டும் திரும்பச் செய்தால் போதும். கீழே எழுதியிருப்பவை அனைத்தும் இந்த ஒன்றைச் செய்து முடிப்பதற்கான வழிகளே.

கணினிக்கு ஏற்ற சிமுலேட்டர்

மைக்ரோசாஃப்ட் 2020 ஆகஸ்டில் வெளியிட்ட ஃப்ளைட் சிமுலேட்டர், செயற்கைக்கோள் படங்களை இணையத்தின் வழியே இறக்கிக்கொண்டே நிலப்பரப்பைக் காட்டுவதால், சேர்வராயன் மலையின் சரிவுகளும் ஏற்காட்டு ஏரியும் நாம் நேரில் பார்த்த நிறத்திலேயே தெரிகின்றன. ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட குறைந்தபட்சத் தேவையே 8 ஜிபி ரேமும் 150 ஜிபி வட்டு இடமும் ஆகும்; பரிந்துரைக்கப்படும் அளவு 16 ஜிபி ரேம். குறைந்தபட்ச அளவில் உள்ள கணினியில் அது ஓடும். அதோடு சேர்த்துப் பதிவும் செய்யவேண்டும் என்றால் திணறும். நமக்கு வேண்டியது பதிவுக்குரிய தெம்பும் மிச்சம் இருக்கும் சிமுலேட்டர் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டே இல்லாத கணினி உடையவர்கள் ஃப்ளைட்கியரில் தொடங்கலாம். அது இலவசமானது, திறந்த மூலநிரல் கொண்டது, 1990-களின் பிற்பகுதியிலிருந்து தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டு வருவது. அதன் நிலப்பரப்புக்கு 2000-ஆம் ஆண்டில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் அளந்த உயரத் தரவுகள் பயன்படுகின்றன. ஆகவே வீடுகளும் மரங்களும் பொதுவான படங்களாக இருந்தாலும், மலைகளின் வடிவம் ஏறத்தாழ உள்ளபடியே இருக்கும். சேலத்தின் கமலாபுரம் விமான நிலையத்திலிருந்து கிழக்கே திரும்பிப் பார்க்கும்போது சேர்வராயன் மலையின் முதுகை அடையாளம் கண்டுகொண்ட அந்த நாளில்தான், இந்தச் சேனலை நம் ஊரை வைத்தே தொடங்கவேண்டும் என்று முடிவு செய்தேன். எக்ஸ்-பிளேன் இவை இரண்டுக்கும் இடைப்பட்டது. அதற்கு இலவச மாதிரிப் பதிப்பு இருப்பதால், வாங்குவதற்கு முன் நம் கணினியில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம். 2006-இல் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் இன்னும் பலரிடம் இருக்கிறது. அது 32 பிட் மென்பொருள் என்பதால், கணினியில் எவ்வளவு ரேம் இருந்தாலும் 4 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ள முடியாது. கூடுதல் நிலக்காட்சிகளையும் பெரிய விமானங்களையும் அடுக்கினால், நெடும்பயணத்தின் இறுதியில் நினைவகம் போதாமல் மூடிக்கொள்ளும். அதை வைத்திருப்பவர்கள் கூடுதல் காட்சிகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும்; ரேம் வாங்கிச் சேர்ப்பதால் பயன் இல்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் நொடிக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 படங்கள், என்று வரம்பு கட்டிவிடுங்கள். வரம்பு இல்லாவிட்டால் தரிசு நிலத்தின் மேல் 55 ஃப்ரேமும், நகரத்தின் மேல் 22 ஃப்ரேமும் ஆக ஏறி இறங்கும். பார்ப்பவரின் கண்ணை உறுத்துவது குறைந்த எண்ணிக்கையைவிட இந்த ஏற்ற இறக்கந்தான். கிராபிக்ஸ் கார்டின் சூடும் இதனால் குறைகிறது.

மின்சாரம்

கணினிக் கோளாறு என்று நாம் நினைப்பவற்றுள் பல உண்மையில் மின்சாரக் கோளாறுகளாகும். இதை நான் அறிந்துகொள்ள ஏழு மாதங்கள் ஆயின. என் கணினி பறக்கும்போது மட்டும், எந்த எச்சரிக்கையும் இன்றி அணைந்து மீண்டும் தொடங்கும். சிமுலேட்டரை நீக்கி மறுபடி நிறுவினேன், கிராபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றினேன், விண்டோஸையே புதிதாக ஏற்றினேன். பழுது பார்க்கும் கடை ஒன்றில் கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்றார்கள். ஆனால் அதே கார்டு நண்பர் வீட்டுக் கணினியில் நான்கு மணி நேரம் தொடர்ந்து ஓடியது. வீட்டில் விசிறி மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அண்ணா, தறி ஓடுற நேரத்துல லைன்ல எவ்வளவு வோல்ட் வருதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். மீட்டரை வைத்துப் பார்த்தபோது, இரவில் 230 வோல்ட் இருந்த இடத்தில், பிற்பகல் வேளையில் 185 வரை இறங்குவது தெரிந்தது. கணினிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியான வயதான எஸ்.எம்.பி.எஸ்., கணினி சும்மா இருக்கும்போது அதைத் தாங்கிக்கொண்டது. கிராபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் மின்சாரத்தை இழுக்கும்போது கைவிட்டுவிட்டது.

ஆகவே கணினி திடீரென அணைந்தால், முதலில் விண்டோஸின் ஈவண்ட் வியூவரைத் திறந்து, அந்த நேரத்துக்கு நேராக என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். கெர்னல்-பவர் 41 என்னும் பதிவு, விண்டோஸ் முறையாக மூடப்படாமல் நின்றுபோனது என்பதை மட்டும் சொல்லும். அதற்கு முன் வேறு எந்தப் பிழையும் பதிவாகாமல் அது மட்டும் தனியாக நின்றால், மின்சாரத்தையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் சூட்டையும் ஐயப்படுவது முறை. சிமுலேட்டர் மட்டும் மூடிக்கொண்டு விண்டோஸ் தொடர்ந்து இயங்கினால், அது பெரும்பாலும் மென்பொருள் சார்ந்த சிக்கல். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டாலே பாதி அலைச்சல் மிச்சமாகும்.

செலவு செய்ய ஒரு தொகை கையில் வந்தால், அதைக் கிராபிக்ஸ் கார்டில் போடாதீர்கள், தரமான எஸ்.எம்.பி.எஸ். ஒன்றிலும் யு.பி.எஸ். ஒன்றிலும் போடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை ஏற்கும் என்பது அதன் பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருக்கும். 100 முதல் 240 வரை என்று போட்டிருப்பதை வாங்குவது நம் தெருக்களுக்குப் பொருந்தும். யு.பி.எஸ். வாங்கும்போது பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் விஏ (வோல்ட்-ஆம்பியர்) எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட் அளவுக்கே தாங்கும். கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்கும் திரைக்கும் சேர்த்து 1,000 விஏ வைத்துக்கொள்வது நல்லது. அது தரும் பத்து நிமிடம், பயணத்தைத் தொடர்வதற்கு அன்று; பதிவை நிறுத்தி, பயணத்தைச் சேமித்து, கணினியை முறையாக அணைப்பதற்கு.

வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பவர்கள் அதன் பின்புறம் யு.பி.எஸ். மோடு என்ற சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். மின்விசிறிக்கும் விளக்குக்கும் என்று விட்டுவைத்திருக்கும் நிலையில், மின்சாரம் போய் இன்வெர்ட்டர் ஏற்பதற்குள் கணினி அணைந்துவிடும். அந்தச் சுவிட்சை மாற்றினால் மாறும் நேரம் குறைந்து பல கணினிகள் தாங்கிக்கொள்ளும். எர்த்திங் சரியாக உள்ளதா என்பதையும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுவது அவசியம். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருந்தாலோ, மைக்கில் இடைவிடாத இரைச்சல் கேட்டாலோ, எர்த்திங்கில் குறை இருக்கக்கூடும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளை முன்னதாகவே நாளிதழில் பார்த்து, என் நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்துவிடுகிறேன்; அன்று பேச்சுக்கான குறிப்பெழுதும் நாள்.

சூடும் தூசியும் பனியும்

ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தின் வெயில் 38, 40 டிகிரியைத் தொடும்போது, மாடி அறைக்குள் இருக்கும் கணினி உள்ளிழுப்பதே அனல் காற்று. செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். படம் துண்டுதுண்டாக வரும். தறிகள் உள்ள பகுதியில் பஞ்சுத்தூசி, செயலியின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கின் தகடுகளுக்கிடையே கம்பளி போலப் படிந்துவிடுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்னிணைப்பைத் துண்டித்து, விசிறியின் இறக்கைகள் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையாலும் ஊதுகருவியாலும் தூசியை நீக்குங்கள். மூன்று நான்கு ஆண்டுகளாகத் திறக்கப்படாத கணினியில், செயலிக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே பூசப்படும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருக்கும்; அதை மாற்றியதில் என் செயலியின் வெப்பம் 94 டிகிரியிலிருந்து 76-க்கு இறங்கியது. கோடையில் அதிகாலை நான்கரை மணிக்கு எழுந்து பறப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. தறிகளின் ஓசையும் அப்போது இருக்காது.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் பணியாற்றும் என் மைத்துனருக்கும் இதே பொழுதுபோக்கு உண்டு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் அவருக்குச் சூடு ஒரு பொருட்டே அன்று. மூடுபனி கொண்டுவரும் ஈரமும், கோடை மழையோடு வரும் இடியும்தான் அங்கே பகை. மழைக்காலத்தில் கணினியை நாட்கணக்கில் பயன்படுத்தாமல் வைக்காமல், நாள்தோறும் சிறிது நேரமாவது இயக்கி, உள்ளே கதகதப்பு இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார். வானம் இருண்டவுடன் மின்கம்பியை மட்டுமல்லாமல் இணையக் கம்பியையும் பிடுங்கிவிடுகிறார், ஏனென்றால் மின்னல் அந்த வழியாகவும் வரும். அவர் மடிக்கணினியோடு மலையிறங்கி வரும் நாளில் ஒரு நடைமுறை வைத்திருக்கிறோம்: குளிர்ந்த கணினியின் மேல் சேலத்தின் வெப்பக்காற்று பட்டால் உள்ளே நீர் முத்துக்கள் அரும்பும் என்பதால், பையைத் திறக்காமலே இரண்டு மணி நேரம் வைத்திருந்து, பிறகே இயக்குகிறோம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

மென்பொருள் சார்ந்த கோளாறுகளைக் கண்டுபிடிக்க நாற்பது பக்க நோட்டுப்புத்தகம் ஒன்று போதும். நாள், நேரம், விமானம், இடம், என்ன நடந்தது, அதற்கு முன் எதை மாற்றினேன் என்ற ஆறு செய்திகளை எழுதுகிறேன். பதற்றத்தில் டிரைவரையும் மாற்றி, நிழல்களின் தரத்தையும் குறைத்து, புதிய விமானத்தையும் நீக்கிவிட்டால், சரியான பின்னும் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே சிக்கல் வேறு உருவில் திரும்பி வரும்.

கூடுதலாக நிறுவிய விமானங்களும் நிலக்காட்சிகளுமே சிமுலேட்டர் மூடிக்கொள்வதற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பது நீண்ட வேலை. எல்லாவற்றையும் வேறோர் அடைவுக்கு நகர்த்திவிட்டு, கோளாறு வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பாதியை மட்டும் திரும்ப வையுங்கள். கோளாறு வந்தால் குற்றவாளி அந்தப் பாதிக்குள் இருக்கிறது. வராவிட்டால் மற்ற பாதிக்குள். இப்படிப் பாதிபாதியாகக் குறைத்தால், பதினாறு கூடுதல்கள் இருந்தாலும் நான்கே சோதனைகளில் ஒன்றைச் சுட்டிவிடலாம். எக்ஸ்-பிளேனும் ஃப்ளைட்கியரும் தாம் செய்வதையெல்லாம் ஒரு லாக் கோப்பில் எழுதிக்கொண்டே போகின்றன. மூடிக்கொண்டவுடன் மீண்டும் திறக்காமல், முதலில் அந்தக் கோப்பை வேறு பெயரில் நகலெடுத்து வையுங்கள். மறுபடி திறந்தால் எக்ஸ்-பிளேன் பழையதன் மேலேயே எழுதிவிடும். கோப்பின் கடைசி வரிகளில், நிற்பதற்குச் சற்று முன் எதை ஏற்றிக்கொண்டிருந்தது என்பது பெரும்பாலும் தெரியும்.

ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் புதிய டிரைவரோ புதிய பதிப்போ வந்தது என்று உடனே ஏற்றவேண்டாம். கையில் இரண்டு காணொளிகள் முடிந்து இருப்பில் இருக்கும்போது மட்டும் அதைச் செய்யுங்கள்.

முதலில் பறந்துவிட்டு, பிறகு பதிவு செய்தல்

சிமுலேட்டரையும் பதிவு மென்பொருளையும் ஒன்றாக இயக்கியே தீரவேண்டும் என்றாலும், பறக்கும் வேலையும் பதிவும் ஒன்றாக நடக்க வேண்டியதில்லை. எக்ஸ்-பிளேனிலும் ஃப்ளைட்கியரிலும் பறந்து முடித்த பயணத்தை மீள்காட்சியாகச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் கவனம் முழுவதையும் விமானத்தின் மேல் வைத்துப் பறக்கிறேன். மறுநாள் அந்த மீள்காட்சியை ஓடவிட்டு, விமானி அறையிலிருந்து ஒருமுறை, வெளியிலிருந்து ஒருமுறை எனப் பதிவு செய்கிறேன். பதிவு பாதியில் நின்றாலும் பயணம் பத்திரமாக இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து மீண்டும் ஓடவிடலாம். இந்த ஒரு பழக்கம் எனக்குத் தந்த நிம்மதியை வேறு எந்தப் பொருளும் தரவில்லை.

பதிவுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎஸ் ஸ்டூடியோவைப் பயன்படுத்துகிறேன். அதில் கோப்பின் வகையை எம்கேவி என்று தேர்ந்தெடுப்பது மிகவும் இன்றியமையாதது. சாதாரண எம்பி4 கோப்பில், படத்தைத் திறப்பதற்குத் தேவையான அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. நடுவில் மின்சாரம் போனால் முழுக் கோப்பும் வீணாகும். எம்கேவியில் நின்ற நொடி வரை உள்ள பகுதி திறக்கும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே உள்ள ரீமக்ஸ் வசதியால், தரம் குறையாமல் ஓரிரு நிமிடத்தில் அதை எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். 2020-இல் மேட்டூர் அணையின் மேல் மாலை வெயிலில் பறந்த 50 நிமிடப் பதிவு இப்படி எம்பி4 வடிவில் போய்விட்டது. அன்றைய ஒளி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

படத்தைச் சுருக்கும் வேலையைச் செயலியிடம் கொடுக்காமல், கிராபிக்ஸ் கார்டில் உள்ள தனிப் பகுதியிடம் கொடுத்துவிடுங்கள். என்விடியா கார்டுகளில் அது என்வென்க் என்றும், இன்டெல் செயலிகளுடன் சேர்ந்த கிராபிக்ஸில் குயிக் சிங்க் என்றும் ஓபிஎஸ் பட்டியலில் தெரியும். ஜிடி 1030 போன்ற மலிவான கார்டுகளில் என்வென்க் கிடையாது. எஃப் என்னும் எழுத்தில் முடியும் இன்டெல் செயலிகளில் குயிக் சிங்க் கிடையாது. பழைய பொருள் வாங்குபவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு வாங்க வேண்டும்.

இடத்தையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். நொடிக்கு 20 மெகாபிட் என்ற அளவில் பதிவு செய்தால் ஒரு நிமிடத்துக்கு 150 எம்பி ஆகும்; 45 நிமிடத்துக்கு ஏறத்தாழ 7 ஜிபி. விண்டோஸும் சிமுலேட்டரும் இருக்கும் வட்டிலேயே பதிவையும் எழுதவிட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை இரண்டாவதாகப் பொருத்தி, பதிவுக்கென்றே ஒதுக்கினால் போதும். சிமுலேட்டரை எஸ்.எஸ்.டி.யில் வையுங்கள்.

எடுத்துக்காட்டாக ஒரு பயணம்

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் முதல் பயணம், கமலாபுரம் விமான நிலையத்திலிருந்து செஸ்னா 172 என்னும் சிறிய விமானத்தில் சேர்வராயன் மலையைச் சுற்றி வருவதாகும். சிமுலேட்டர்களில் இந்நிலையத்தை விஓஎஸ்எம் என்னும் நான்கெழுத்துக் குறியீட்டால் தேடலாம். ஓடுபாதை 04/22 (இரு முனைகளின் திசை எண்கள்), நீளம் ஏறத்தாழ 1,800 மீட்டர், கடல்மட்டத்திலிருந்து உயரம் ஏறத்தாழ 1,000 அடி. இந்தப் பயணத்தில் ஒரு நல்ல கணக்கு ஒளிந்திருக்கிறது. காணொளியின் சுவையே அதில்தான்.

நிலையத்திலிருந்து ஏற்காடு நேர்கிழக்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர், அதாவது எட்டரை கடல்மைல். 75 நாட் (மணிக்கு 75 கடல்மைல்) வேகத்தில் ஏறிக்கொண்டே போனால் ஏழு நிமிடத்தில் மலையை அடைந்துவிடுவோம். நிமிடத்துக்கு 600 அடி என்று ஏறினாலும் ஏழு நிமிடத்தில் 4,200 அடிதான் கூடும். தரையின் 1,000 அடியையும் சேர்த்தால் 5,200 அடி. சேர்வராயன் கோயில் இருக்கும் மலைமுகடோ 5,300 அடியைத் தாண்டுகிறது. நேராகப் போனால் மலையில் மோதுவோம் என்பதை எண்களால் முதலில் காட்டிவிட்டு, பிறகு வழியைச் சொல்லுங்கள்: 22-ஆம் ஓடுபாதையில் தென்மேற்காக எழும்பி, வலப்புறம் திரும்பி, மேற்கே மேட்டூரை நோக்கி ஏறிக்கொண்டே செல்லவேண்டும். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையும், ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் விரிந்த நீர்ப்பரப்பும் கண்ணில் படும்போது 6,500 அடியை எட்டியிருப்போம். அணையின் அப்புறம் பாலமலை எழுந்து நிற்பதால், அதை நெருங்குவதற்கு முன் திரும்பி, உயரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிழக்கே வந்தால், ஏற்காட்டு ஏரியின் மேல் நிம்மதியாகச் செல்லலாம்.

இறங்கும்போதும் இதே கணக்குதான் தலைகீழாக வருகிறது. நிமிடத்துக்கு 500 அடி என்று இறங்கினால் 2,000 அடிக்கு வர ஒன்பது நிமிடம் ஆகும். அதற்குள் நிலையத்தைத் தாண்டிவிடுவோம். ஆகவே ஓமலூரின் மேல் ஒரு வட்டம் போட வேண்டியிருக்கும். மொத்தம் 45 நிமிடப் பயணத்தில் புறப்பாடு, அணை, ஏரி, தரையிறக்கம் என்னும் நான்கு இடங்கள் மட்டுமே காணொளிக்கு வேண்டும். அவை ஒவ்வொன்றுக்கும் முன்னால் பயணத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். கணினி நின்றுபோனால் கமலாபுரத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதில்லை.

பேச்சு

பறந்துகொண்டே பேசுவதை நான் விட்டுவிட்டேன். கணினியின் சுமை ஒரு காரணம். பறக்கும் கவனத்தில் வாக்கியங்கள் முடியாமல் தொங்குவது அதைவிடப் பெரிய காரணம். தொகுத்து முடித்த 12 நிமிடப் படத்தைப் பார்த்தபடியே, எழுதி வைத்த குறிப்பிலிருந்து பேசி, கைபேசியில் பதிவு செய்கிறேன். கணினி பழுதானாலும் இந்த வேலை நிற்காது. பேசத் தொடங்குமுன் பத்து நொடி எதுவும் பேசாமல் அறையின் ஓசையை மட்டும் பதிவு செய்துகொண்டால், ஆடாசிட்டியில் அதை மாதிரியாகக் காட்டி, விசிறி இரைச்சலைக் குறைத்துவிடலாம். தறியோசையை அப்படி நீக்க முடியாது, ஏனென்றால் அது சீராக இருப்பதில்லை. ஓய்ந்திருக்கும் நேரத்துக்குக் காத்திருப்பதே வழி.

சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஓடுபாதை, உயரமானி, தரையிறக்கம் என்னும் சொற்கள் கேட்பவருக்கு உடனே விளங்குகின்றன. ஃப்ளாப், திராட்டில், ரடர் ஆகியவற்றை அப்படியே சொல்லி, முதல்முறை வரும்போது அது என்ன செய்கிறது என்று ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடுகிறேன். பள்ளி மாணவர்கள் பலர் பார்க்கிறார்கள். அவர்களுக்கு இது புரியவேண்டும் என்பதே எனக்கு முதன்மையானது. ஆகவே ஒவ்வொரு காணொளியின் தொடக்கத்திலும் இது சிமுலேட்டர் காட்சி, உண்மைப் பயணம் அன்று என்று சொல்லிவிடுவதையும், உயிர்கள் பலியான விபத்துகளைப் பரபரப்பான தலைப்போடு நடித்துக் காட்டாமல் இருப்பதையும் விதியாகவே வைத்திருக்கிறேன். பின்னணிக்குத் திரைப்படப் பாடல்களைப் போட்டால் காப்புரிமைக் கோரல் வரும்; யூடியூபின் சொந்த ஒலித் தொகுப்பிலிருந்து எடுப்பது பாதுகாப்பானது. இயந்திர ஓசையே போதும் என்பது என் கருத்து.

தொகுப்புக்கு ஷாட்கட் அல்லது கேடென்லைவ் போதும், இரண்டும் இலவசம். இரண்டிலும் பிராக்சி என்னும் வசதி உண்டு. பெரிய கோப்புக்குப் பதிலாகச் சிறிய நகலை வைத்து வெட்டித் தொகுத்து, இறுதியில் மட்டும் மூலக் கோப்பைப் பயன்படுத்திக்கொள்வதால், 8 ஜிபி ரேம் உள்ள கணினியும் தடுமாறுவதில்லை. 1080பி, 30 ஃப்ரேம் காணொளிக்கு யூடியூப் பரிந்துரைப்பது நொடிக்கு 8 மெகாபிட். அந்த அளவில் 12 நிமிடக் காணொளி 720 எம்பி ஆகும். கைபேசியின் நாளொன்றுக்கான இணைய அளவுக்குள் இது அடங்கிவிடும். இரவில் ஏற்றிவிட்டு, வெளியாகும் நாளைக் குறித்து வைத்துவிடுங்கள்.

கணினி கடைக்குப் போகும்போது

எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் ஒரு நாள் கணினி கடைக்குப் போகத்தான் வேண்டியிருக்கும். கொடுப்பதற்கு முன் பதிவுகள் உள்ள ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கழற்றத் தெரியாதவர்கள் கோப்புகளை வெளிவட்டு ஒன்றில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். நோட்டுப்புத்தகத்தின் கடைசி இரண்டு பக்கங்களைப் படமெடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். "அடிக்கடி நிற்கிறது" என்று சொல்வதற்கும், "பறக்கத் தொடங்கிய இருபதாம் நிமிடத்தில், செயலி 90 டிகிரியைத் தாண்டியபின் நிற்கிறது" என்று சொல்வதற்கும் இடையே, தேவையில்லாமல் மாற்றப்படும் ஒரு பொருளின் விலை இருக்கிறது.

கணினி இல்லாத அந்த வாரத்தில், இருப்பில் உள்ள காணொளி வெளியாகட்டும். அடுத்த பயணத்துக்கான தூரத்தையும் ஏறும் வீதத்தையும் தாளில் கணக்கிட்டு, பேச்சை எழுதி வையுங்கள். திரும்பி வந்தவுடன் புதிய பயணத்தைத் தொடங்காமல், கமலாபுரத்திலிருந்து மேட்டூர் வரையிலான அந்தப் பழைய பயணத்தை, அதே விமானத்தில், அதே அமைப்புகளோடு ஒருமுறை ஓட்டி, வெப்பத்தையும் ஃப்ரேம் எண்ணிக்கையையும் நோட்டில் உள்ள பழைய எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போன பிறகு பதிவுப் பொத்தானை அழுத்தலாம்.